வான்கோழி வால்விசிறி: உப்பா, வெண்காரமா, பட்டியா?

‘டர்க்கி டெயில்’ என்று தேடிப் பார்த்தால் பாதிக்குப் பாதி காளான்தான் வரும். பட்டுப்போன மரத்தில் வளையம் வளையமாக விரிந்து நிற்கும் ஒரு காளானுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். அதைக் காயவைத்துக் கஷாயம் போட்டுக் குடிக்கிற கூட்டம் தனி. நான் சொல்லப்போவது நிஜ வான்கோழியின் வாலைப் பற்றி. விரித்து, காயவைத்து, சுவரில் மாட்டுகிற வால்.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில். இங்கே வசந்த கால வான்கோழி வேட்டை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். தாடி உள்ள பறவையை மட்டும்தான் சுடலாம். தாடி என்பது நெஞ்சிலிருந்து குதிரைவால் மயிர் மாதிரித் தொங்கும் கற்றை. பருவத்தின் முதல் பாதியில் நண்பகலோடு வேட்டையை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அதனால் மே மாதத்துச் சனிக்கிழமை மதியம், நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். எழுபது தாண்டியவர். இறைச்சி அவருக்கு, வால் எனக்கு. அவர் வீட்டுச் சுவரில் இடம் தீர்ந்துபோய்ப் பல வருடம் ஆகிறது.

அப்படி வந்த வால்களில் ஒன்றைக் கெடுத்தேன், ஒன்றைச் சுமாராகக் காப்பாற்றினேன், ஒன்றை ஒழுங்காகச் செய்தேன். இங்குள்ள நம்மவர்கள் சிலர் வேட்டை உரிமம் எடுக்க ஆரம்பித்த பிறகு, “எந்த முறை நல்லது?” என்ற கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. போனில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கெடுவது இறகு இல்லை

எல்லோரும் எந்தப் பொடியைத் தூவுவது என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் இறகு தானாக அழுகாது. நம் நகமும் முடியும் எந்தப் பொருளோ அதேதான் இறகும், கெரட்டின். அழுகுவது அதன் அடியில் இருக்கும் குமிழ். கோழி உரித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: வால் முளைக்கும் இடத்தில் ஒரு கொழுப்புக் கட்டி இருக்கும், அதன் மேல்பக்கம் எண்ணெய்ச் சுரப்பி. வான்கோழிக்கு இது நல்ல பெரிய கட்டி. 18 வால் இறகுகளின் அடித்தண்டுகளும் அந்தச் சதைக்குள்தான் வரிசையாகக் குத்தி நிற்கின்றன. தண்டுக்கும் தண்டுக்கும் இடையில் சதை, கொழுப்பு, தோல்.

அந்தக் கட்டியை என்ன செய்யப்போகிறீர்கள்? உப்பு, வெண்காரம் (போராக்ஸ் பொடி), ஊசி மருந்து, காரின் ஒடுக்கை நிரப்பும் பட்டி எல்லாமே இந்த ஒரே கேள்விக்குச் சொல்லப்படும் வெவ்வேறு பதில்கள். அதை உள்ளேயே காயவைக்கலாம், உள்ளேயே மருந்தேற்றி வைக்கலாம், அல்லது சுரண்டி எடுத்து எறிந்துவிடலாம். இப்போது என் பதில் மூன்றாவது. அதற்கு வந்து சேர எனக்கு இரண்டு வால் செலவானது.

உப்பு: கருவாட்டுப் பாடம்

முதல் வாலுக்கு உப்புப் போட்டேன். நம் ஊரில் மீனே உப்பில் நிற்கிறதே, இது நிற்காதா என்ற எண்ணம். பெரியவரும் தன் அப்பா காலத்தில் உப்பும் சோளமாவும் கலந்து போடுவார்கள் என்று சொன்னார். கட்டியை ஓரளவு வெட்டி, கல்லுப்பைத் திணித்து, அட்டையில் விரித்துக் குண்டூசி குத்தி, அடித்தள அறையில் மூன்று வாரம் வைத்தேன். நன்றாகவே காய்ந்தது. ஜூன் வரை ஒரு குறையும் இல்லை.

ஜூலையில் ஈரப்பதம் ஏறியது. மழைக்காலத்தில் கருவாட்டுப் பானை என்ன ஆகுமோ அதுதான் ஆனது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சதைக்குள் இருக்கும் உப்பு சதையை மறுபடி நனைக்கும். அடிப்பகுதி பிசுபிசுத்தது, மஞ்சள் எண்ணெய் கசிந்து பின்பலகையில் ஊறியது, குண்டூசிகள் துருப்பிடித்து இறகுத் தண்டில் காவிக்கறை விட்டன. நாற்றம் வேறு. என் மனைவி ஒருநாள் முழுக்க எலி செத்துவிட்டது என்று தேடிக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் இறகுகளின் அடியில் உமி மாதிரி ஏதோ கொட்டிக்கிடந்தது. கிளறிப் பார்த்தால் மயிர் முளைத்த சின்னப் புழுக்கள், கம்பள வண்டின் குஞ்சுகள்.

கருவாட்டை யாரும் பத்து வருடம் வைத்திருப்பதில்லை, தின்றுவிடுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. உப்பு வறண்ட ஊருக்குச் சரிவரலாம், அரிசோனாவிலோ நியூ மெக்சிகோவிலோ இருப்பவர் கெட்டிக்காரத்தனமாகச் செய்தால் நிற்கலாம். கிழக்குக் கரையோர மாநிலங்களில் வேண்டாம். சோளமாவு எங்கேயுமே வேண்டாம். அது பூச்சிக்கு வைக்கும் விருந்து.

வெண்காரம்: சோம்பேறிக்கு ஏற்றது, குறையாகச் சொல்லவில்லை

இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது போராக்ஸ் முறை. நம் வெண்காரம்தான், பத்தர் நகை பற்றவைக்கும்போது தொட்டுக்கொள்வாரே, அது. அமெரிக்கக் கடைகளில் துணி துவைக்கும் பொடிகள் இருக்கும் வரிசையில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும். விலை பத்து டாலருக்குள். ஒரு பெட்டி வாங்கினால் நாலைந்து வாலுக்கு வரும்.

உப்பைவிட இது எப்படி மேல் என்றால், வெண்காரம் ஈரத்தை எடுக்கும், ஆனால் உப்பைப்போலக் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி ஒழுகாது. அதோடு பூச்சிக்கும் ஆகாது. ஆனால் தோலைப் பதனிட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அது பட்ட இடத்தைத்தான் காக்கும். கட்டியின் நடுவில் ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பை விட்டுவிட்டு மேலே எவ்வளவு வெண்காரம் கொட்டினாலும், உள்ளே இருப்பது அழுகத்தான் செய்யும். கொழுப்பை வெண்காரம் ஒன்றும் செய்யாது. வருடம் போகப்போக அது எண்ணெயாகி, மஞ்சளாகி, தோலையே அரித்துவிடும்.

ஆகவே வேலை கத்தியில்தான் இருக்கிறது. வாலை உடம்பிலிருந்து வெட்டும்போதே சற்றுத் தாராளமாக, இறகுத் தண்டுகளின் நுனி அறுபடாமல் வெட்ட வேண்டும். தண்டு அறுந்தால் இறகு கையோடு வந்துவிடும். எண்ணெய்ச் சுரப்பியை முழுதாக எடுத்துவிட வேண்டும். பிறகு கவிழ்த்துப் போட்டு, சின்னக் கத்தியால் தண்டு வரிசைக்கு இடையில் உள்ள சதையைக் கீறிக் கீறி எடுக்க வேண்டும். ரத்தம் பட்ட இறகைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவவும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒருமுறை அலசினால் எண்ணெய்ப் பசை போகும். நனைந்த இறகைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து அடியிலிருந்து நுனிப்பக்கமாகக் காட்டினால் பழையபடி மலர்ந்துவிடும். அப்புறம் வெண்காரத்தை அழுத்தித் தேய்த்து, தெர்மாகோல் பலகையிலோ கனத்த அட்டையிலோ விரித்து, இறகு நழுவாமல் இருபுறமும் குண்டூசி குத்தி வைத்தால் மூன்று நாலு வாரத்தில் இரும்பாக விறைத்துவிடும்.

விரிக்கும்போது ஒன்று கவனியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்பது இறகு. நடு ஜோடி மேலே இருக்கும், அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக ஒன்றன்கீழ் ஒன்று இறங்கும். இந்த அடுக்கு மாறிவிட்டால் எங்கேயோ தப்பாக இருக்கிறது என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், எங்கே என்று சொல்லத் தெரியாது. அரை வட்டத்துக்குச் சற்று மேலே விரித்தால் சேவல் நிஜமாகவே தோகை விரித்து நிற்கும் தோற்றம் வரும். இளம் சேவலின் வாலில் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு துருத்தி நிற்கும். அது உங்கள் தப்பில்லை, வெட்டி நேராக்க வேண்டாம். என் முதல் வால் அப்படிப்பட்டதுதான். உப்பில் போனது போனது, அதற்கு முன்னால் நான் கத்தரிக்கோல் வேறு எடுத்தேன் என்பதை யாரிடமும் சொல்வதில்லை.

என் இரண்டாவது வால் வெண்காரத்தில் செய்தது. ஐந்து வருடம் ஆகிறது, இன்னும் இருக்கிறது. வேலை மொத்தம் ஒன்றரை மணி நேரம். வீட்டில் தவழும் குழந்தையோ, எதையும் நக்கிப் பார்க்கும் நாயோ இருந்தால் மட்டும் யோசியுங்கள். வெண்காரம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, காய்ந்த வாலிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டேயிருக்கும். தேய்க்கும்போது கையுறை போடுவது உங்களுக்கும் நல்லது.

ஊசி மருந்து, உறைய வைத்து உலர்த்துவது, தொழில்முறை ஆள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டிக்குள் ஃபார்மலின் வகை மருந்தை ஊசியால் ஏற்றும் முறை ஒன்று உண்டு. சதை விறைத்து நின்றுவிடும், கத்தி வேலை குறைவு. ஆனால் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. ஒரு வாலுக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் இயந்திரம் முழுப் பறவைக்கும் தலைக்கும் அருமையானது. வெறும் வாலுக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

விலங்குகளைப் பாடம் பண்ணுகிறவரிடம் கொடுத்தால்? எங்கள் பக்கம் நான் விசாரித்த இரண்டு இடங்களில் வாலும் தாடியும் சேர்த்துப் பலகையில் பொருத்தித் தர 150 முதல் 250 டாலர் வரை கேட்டார்கள். முழுப் பறவை என்றால் ஆயிரம் தாண்டும். காத்திருப்பு மாதக்கணக்கில். முதல் பறவை, அப்பாவோடு போன கடைசி வேட்டை, இப்படி மறுபடி கிடைக்காத வால் என்றால் யோசிக்காமல் அங்கே கொடுங்கள். மற்றபடி இது கையால் செய்யக்கூடிய வேலைதான். கொடுப்பதென்றால், வாலைச் சூடு ஆறவிட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் மடங்காமல் வைத்து, பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இளஞ்சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஒரு மதியத்திலேயே இறகு உதிர ஆரம்பித்துவிடும், அதன்பிறகு எந்தக் கலைஞராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டி: என் கட்சி இதுதான்

காரில் ஒடுங்கின இடத்துக்குப் பட்டி பார்ப்பார்களே, அந்தப் பட்டிதான். இங்கே பாண்டோ என்ற பெயரில் டப்பாவில் கிடைக்கும், கூடவே கெட்டிப்படுத்தும் பசை ஒரு சின்னக் குழாயில் வரும். முறை எளிமையானது, பொறுமை மட்டும் வேண்டும். கட்டியிலிருந்து சதை, கொழுப்பு, எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தண்டுகளையும் அவற்றைக் கோத்திருக்கும் மெல்லிய தோலையும் மட்டும் விட வேண்டும். கத்தியால் முக்கால்வாசி, மீதியைக் கம்பித் தூரிகையால் சுரண்ட வேண்டும். கடைசியில் அடியில் பார்த்தால் தண்டுகள் சீப்பின் பற்கள் மாதிரித் தனித்தனியாகத் தெரியும். அந்த நிலைக்கு வர எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பெரியவர் நாற்பது நிமிடத்தில் முடிப்பார், நடுவில் காபியும் குடிப்பார்.

அலசி, உலர்த்தி, தோல் பாகத்தில் கொஞ்சம் வெண்காரம் தடவி, விரித்துக் குண்டூசி குத்தி இரண்டு நாள் விட வேண்டும். பிறகு அடிப்பகுதியைச் சுற்றி அட்டையில் ஒரு சின்ன வரப்பு கட்டி, பட்டியைக் குழைத்துத் தண்டுகளுக்கு இடையில் இறங்கும்படி ஊற்றித் தள்ள வேண்டும். குழைத்த பிறகு கையில் இருப்பது நாலைந்து நிமிடம்தான். அதற்குள் முடிக்கவில்லை என்றால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். அதனால் விசிறியின் வடிவம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும், பட்டி போட்டபின் “இந்த இறகைக் கொஞ்சம் இடப்பக்கம்” என்பதெல்லாம் நடக்காது. வாசனை தலையைச் சுற்ற வைக்கும், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

கால் மணி நேரத்தில் கெட்டியாகும். பிறகு அதில் துளை போடலாம், திருகாணி இறக்கலாம், பின்பலகையில் நேரடியாக முடுக்கலாம். எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அழுக எதுவும் மிச்சமில்லை, கசிய எதுவும் மிச்சமில்லை. என் மூன்றாவது வால் இப்படிச் செய்தது. மூன்று கோடைகள் அதே அடித்தள அறையில் இருந்தும் வாசனையே இல்லை.

செலவு இருபது டாலரைத் தாண்டாது. குறை என்றால் ஒன்றுதான், திரும்பப் போக முடியாது. வெண்காரத்தில் செய்த வாலை நனைத்து இளக்கி மறுபடி விரிக்கலாம். பட்டி போட்டது போட்டதுதான்.

கட்டி ஏற்கெனவே அழுகிவிட்ட வால் கையில் வந்தால் இன்னொரு வழி இருக்கிறது. 18 இறகையும் பிடுங்கி, ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டி எண் போட்டு (இடம் 1 முதல் 9, வலம் 1 முதல் 9), கழுவி உலர்த்தி, அரைவட்டமாக வெட்டிய பிளைவுட் துண்டில் சூட்டுப் பசையால் ஒட்டலாம். எண் போடாமல் பிடுங்கினால் அது வேறு கதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மேலே மறைக்கும் சின்ன இறகுகளையும் வரிசையாகத் தனியே ஒட்ட வேண்டியிருக்கும் என்பதால் இது நான் சொன்ன எல்லாவற்றிலும் மெதுவான வேலை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையோடு சேர்ந்து செய்யக்கூடியது இது ஒன்றுதான். கத்தி இல்லை, சதை இல்லை. பசைத் துப்பாக்கியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

வண்டு யாரையும் கேட்டு வருவதில்லை

அழுகலை வென்றாலும் பூச்சி இருக்கிறது. யூட்டா மாநிலத்தில், பிளாண்டிங் ஊர் அருங்காட்சியகத்தில், பழைய பியூப்ளோ மக்கள் என்ற அமெரிக்கப் பழங்குடியினர் நெய்த போர்வை ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 800 வருடம் பழையது, யுக்கா செடியின் நாரில் திரித்த கயிற்றில் வான்கோழி இறகுகளைச் சுற்றிச் செய்தது. கிட்டத்தட்ட 11,500 இறகுகள் பிடித்திருக்கும் என்று ஆய்வாளர்கள் 2020-இல் கணக்குச் சொன்னார்கள். பாலைவன வறட்சியால் கயிறு இன்னும் நிற்கிறது, இறகுத் தண்டின் சுவடும் நிற்கிறது. ஆனால் மென்தூவியைப் பூச்சி எப்போதோ தின்றுவிட்டது. அழுகாமல் வைத்திருக்க வறட்சி போதும், தின்னப்படாமல் வைத்திருக்க அது போதாது.

வீட்டில் செய்யக்கூடியது ஃப்ரீசர். செய்து முடித்த வாலைப் பெரிய பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒருநாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரித்தால்தான் இறகில் ஈரம் படியாது. வெண்காரத்தில் செய்த என் இரண்டாவது வாலை வருடத்துக்கு ஒருமுறை இப்படி உள்ளே வைக்கிறேன். விரித்த வால் இரண்டரை அடி அகலம், சாதாரண குளிர்சாதனப்பெட்டியின் மேல் ஃப்ரீசரில் நுழையாது, பெரிய பெட்டி ஃப்ரீசர் வேண்டும் என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டியைப் பெரியவர் பழைய விலைக்குக் கொடுத்தார். அவருக்குத் தொலைநோக்கு அதிகம்.

பழைய பொருள் விற்கும் சந்தைகளில் அரதப்பழசான பாடம் பண்ணிய பறவைகளும் வால்களும் கிடைக்கும். அவற்றை மட்டும் யோசித்து வாங்குங்கள். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து போன நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்தத் தொழிலில் ஆர்சனிக் சோப்பு சாதாரணமாகப் புழங்கியது. பூச்சி அரிக்காத நூறு வருடப் பறவையைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கைகழுவத் தோன்றுகிறது.

திறந்த பலகையா, கண்ணாடிப் பெட்டியா

கடையில் கிடைக்கும் தொகுப்புகள் பெரும்பாலும் திறந்த பலகை. மேலே அரைவட்டமாக வால், அதன் அடியை மறைக்க ஒரு மரமூடி, கீழே தாடி தொங்க ஒரு துளை, சிலவற்றில் குதிமுள் (சேவலின் காலில் வளரும் முள்) பொருத்த இரண்டு இடம். முப்பது நாற்பது டாலரிலிருந்து தொடங்கும். பார்க்க அழகு, இறகின் செம்புப் பளபளப்பு எந்தத் தடையும் இல்லாமல் தெரியும். நடந்து போகும்போது ஒரு கோணத்தில் பச்சையாகவும் இன்னொரு கோணத்தில் வெண்கலமாகவும் மாறும். கண்ணாடிக்குள் போனால் இந்த விளையாட்டில் பாதி போய்விடுகிறது, அறை விளக்கின் பிரதிபலிப்புதான் முதலில் கண்ணில் படும்.

ஆனால் திறந்து வைத்தால் தூசு. இரண்டு வருடத்தில் இறகின் நிறம் மங்கியது என்று நான் நினைத்தது வெறும் தூசு என்பது, துடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மென்மையான ஓவியத் தூரிகையால் அடியிலிருந்து நுனிக்கு, ஒரே திசையில், மாதம் ஒருமுறை. எதிர்த்திசையில் துடைத்தால் இறகின் இழைகள் பிரிந்து சீப்பு உடைந்த மாதிரி நிற்கும். இந்த மாத வேலையை யார் செய்வது என்று வீட்டில் முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. பூனை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம், நேராகக் கண்ணாடிப் பெட்டிதான்.

பெட்டி என்றால் குறைந்தது நாலு அங்குல ஆழம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகின் வளைவு கண்ணாடியில் அழுந்தும். இந்த அளவில் சட்டம் போடும் கடையில் செய்யக் கொடுத்தால் 200 டாலருக்கு மேல் ஆகும். நான் பிளைவுட்டும் அக்ரிலிக் தகடும் வாங்கி நானே அடித்தேன். அக்ரிலிக்கைத் துணியால் தேய்த்தால் மின்னேற்றம் பிடித்து உள்ளே இருக்கும் மென்தூவிகளை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடிக்கே செலவழித்திருக்கலாம். முக்கியமாக, நன்றாகக் காயாத வாலைப் பெட்டிக்குள் மூடிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூசணம் பிடிக்கும். கொழுப்பு மிச்சமிருக்கும் வெண்கார வாலுக்குத் திறந்த பலகை, சுத்தமாகச் சுரண்டிப் பட்டி போட்டதற்குப் பெட்டி. நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

எங்கே மாட்டுவது? அமெரிக்கர்களுக்குப் பிடித்த இடம் கணப்படுப்பின் மேல். இருப்பதிலேயே மோசமான இடமும் அதுதான். சூட்டில் இறகு நொறுங்கும், கரி படியும். சமையலறைப் பக்கம் தாளிப்பு எண்ணெய் படியும், நம் வீடுகளில் சொல்லவே வேண்டாம். தெற்கு நோக்கிய சன்னலுக்கு எதிரேயும் வேண்டாம். இறகின் உலோகப் பளபளப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது, அதனால் சட்டென்று போகாது. ஆனால் நுனியில் ஓடும் பட்டையின் பழுப்பு நிறமிதான், வெயிலில் வெளுக்கும். எங்கள் பக்கத்துக் கிழக்கத்திய வகை வான்கோழிக்கு அந்தப் பட்டைதான் அடையாளமே. பாறை மலைப் பக்கத்து மெரியம் வகைக்கு நுனி ஏறத்தாழ வெள்ளை, டெக்சாஸ் பக்கத்து ரியோ கிராண்டேவுக்கு வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, நம் கிழக்கத்தியதற்குச் செம்பழுப்பு. ஐந்து வருடம் வெயிலில் மாட்டிவைத்த ஒரு கிழக்கத்திய வாலை நண்பர் வீட்டில் பார்த்தேன், மெரியம் என்று நினைத்துவிட்டேன். சன்னல் இல்லாத உள்சுவர், படிக்கட்டுப் பக்கம், நடைவழி இவைதான் நல்ல இடங்கள்.

போன வருடம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, “மயிலா?” என்றார். வான்கோழி என்றதும் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் ஒரு விஷயத்தில் இது மயிலை மிஞ்சும் என்று அவரிடம் சொன்னேன்: மயில் விரிக்கும் தோகை வால் இறகே இல்லை, வாலுக்கு மேலே முளைக்கும் மூடிறகுகள் நீண்டது. நிஜ வால் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும் குட்டை இறகுகள். வான்கோழி விரிப்பதுதான் அசல் வால். அம்மாவுக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. முருகனுக்கு வாகனம் எது என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

பெட்டியில் இடம் மிச்சமிருந்ததால் பின்கட்டில் பொறுக்கிய பருந்து இறகு ஒன்றையும் வைக்கலாம் என்று மகள் கேட்டாள். கூடாது. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி பருந்து, ஆந்தை, இந்த நாட்டுக்கே உரிய பெரும்பாலான காட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகைக்கூட உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கழுகுக்குத் தனிச் சட்டமே உண்டு. வான்கோழி வலசை போகாத வேட்டைப் பறவை என்பதால் அந்தச் சட்டத்துக்குள் வராது. முறைப்படி வேட்டையாடிய வாலை வைத்துக்கொள்ளலாம். விற்பது வேறு விஷயம், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வேட்டைச் சீட்டை வாலுக்குப் பின்னால் ஒட்டி வைப்பது என் பழக்கம். நாளும் இடமும் மறக்காமல் இருக்கவும் அது உதவுகிறது.

1930-களில் அமெரிக்கா முழுக்க மிஞ்சியிருந்த காட்டு வான்கோழிகள் சுமார் 2 லட்சம்தானாம். இப்போது 60 லட்சம் அளவுக்கு இருக்கின்றன. தன் சிறுவயதில் ஒரு வான்கோழியைப் பார்த்தாலே ஊரெல்லாம் சொல்வார்களாம், பெரியவர் சொல்வார். அதனாலோ என்னவோ அவர் எந்த வாலையும் தூக்கிப் போடுவதில்லை, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

இந்த மே மாதத்து வால் இப்போது ஃப்ரீசரில் துருவிய தேங்காய்க்கும் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்கும் நடுவில் இருக்கிறது, இரண்டு அட்டைக்குள். நடு இறகில் ஒன்று குண்டு பட்டு உடைந்திருக்கிறது, அதனால் இதைப் பிடுங்கி ஒட்டும் முறையில் மகளோடு செய்வதாகத் திட்டம். நவராத்திரிக்குள் ஃப்ரீசரில் இடம் வேண்டும் என்று மனைவி தேதி குறித்துவிட்டாள்.